செஞ்சிக் குரங்குக்கும் தொண்டை இருக்கு... ஆனா ஏன் பேச வரல? மனித மூளை மொழியை இயக்குவது எப்படி?

செஞ்சிக்கோட்டையில் ராஜகிரி மலைப்படிகளில் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒருவர் வருவார். பாறை மேல் உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்கு ஒன்று மெல்லிய குரல் கொடுக்கும். அடுத்த நிமிடம் நாலு குரங்குகள் கீழே இறங்கும். வேறொரு நேரம், கீழே நாய் ஒன்று வந்தால் குரலே மாறிவிடும். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு அத்தனையும் பாறை உச்சிக்குத் தாவும்.

"அதுங்களும் பேசிக்குதுங்க பாரு" என்று நாமும் சொல்லிவிட்டு மேலே ஏறுவோம். உண்மையிலேயே அது பேச்சா? குரங்குக்கு நாக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது, குரல்வளை இருக்கிறது. அப்படியிருந்தும் 'விழுப்புரம்' என்ற ஒரு சொல்லை அதனால் ஏன் சொல்ல முடியவில்லை? இரண்டு வயதுக் குழந்தை, 'ழ' மட்டும் வராமல் 'விலுப்புரம்' என்றாவது சொல்லிவிடுகிறதே?

இது சும்மா சுவாரசியத்துக்கான கேள்வி இல்லை. பக்கவாதம் வந்து ஒரே இரவில் பேச்சை இழந்தவரைப் பார்த்த குடும்பங்களுக்கும், "ரெண்டு வயசாகியும் வாயத் தொறக்கலையே" என்று கவலைப்படும் பெற்றோருக்கும் இதற்கான பதில் நேரடியாகத் தேவைப்படுகிறது.

குரங்கு என்ன சொல்கிறது?

விலங்குகள் ஒன்றும் அர்த்தமில்லாமல் கத்துவதில்லை. கென்யாவின் அம்போசெலி பகுதியில் வெர்வெட் குரங்குகளைக் கவனித்த ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் ஆகியோர் 1980-ல் வெளியிட்ட ஆய்வு மிகப் பிரபலம். சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல். பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டபோது, சிறுத்தைக் குரலுக்கு மரமேறின. கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நின்று தரையைத் துழாவின. எதிரே எந்த மிருகமும் இல்லை, குரல் மட்டும்தான்.

நம்ம ஊர் நாட்டுக் குரங்கும் சளைத்ததல்ல. தென்னிந்தியக் காடுகளில் உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நாட்டுக் குரங்குகள் தங்கள் இனத்தின் அபாயக் குரலுக்கு மட்டுமல்ல, கருமந்தி, கடமான் ஆகியவற்றின் அபாயக் குரலுக்கும் தப்பியோடின. அதாவது, பக்கத்து வீட்டுக்காரன் பாஷையும் ஓரளவு புரிகிறது! பெங்களூருவின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு, பந்திப்பூரில் சுற்றுலாப் பயணிகளிடம் கை நீட்டிக் கேட்கும் நாட்டுக் குரங்குகளைப் பற்றி 2018-ல் எழுதியது. அவை கை நீட்டும்போது ஒருவித மெல்லிய குரலும் கொடுக்கின்றன, எதிரில் இருப்பவர் தன்னைப் பார்க்கிறாரா என்றும் கவனிக்கின்றன. செஞ்சிப் படிக்கட்டில் பிஸ்கட் பறிகொடுத்தவர்களுக்கு இதற்கு ஆய்வுக் கட்டுரையே தேவைப்படாது.

காட்டுக்கே போக வேண்டாம். வீட்டுக் கொல்லையில் மேயும் கோழியைக் கவனித்தாலே போதும். வானத்தில் பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், தரையில் கீரியோ பூனையோ வந்தால் வேறு குரல். கிராமத்துப் பாட்டிகள் குரலை வைத்தே "பருந்து வருது, குஞ்சை மூடு" என்பார்கள்.

சரி, அப்போ இதுவும் மொழிதானே?

திருநாதர்குன்றில் இருக்கும் வித்தியாசம்

செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. 24 தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ள அந்தக் குன்றின் பாறையில், சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தையது. நாம் பார்த்தேயிராத ஒருவர், நாம் பிறக்காத காலத்தில், எத்தனை நாள் பட்டினி இருந்தார் என்பது இன்று நமக்குத் தெரிகிறது.

எந்தக் குரங்கும் "நேத்து சாயங்காலம் இந்தப் பக்கம் ஒரு நாய் வந்தது" என்று சொன்னதில்லை. கோழி, "பருந்து வராத நாளில் என்ன செய்யலாம்?" என்று கேட்டதில்லை. அவற்றின் குரல் பெரும்பாலும் இப்போது, இங்கே நடப்பதற்கானது. இதற்கு விதிவிலக்கு தேனீ. பூ எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் என்பதைக் கூட்டுக்குத் திரும்பிய தேனீ ஆடிக் காட்டும். இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தேனீயால் தன் தேவைக்கான இரை, இடம் பற்றி மட்டுமே ஆட முடியும். நேற்றைய சண்டையைப் பற்றி ஆட முடியாது.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் பெரிது. அது கோர்ப்பது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். "வரச்சொல்லியிருந்தேனே" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். வருதல், சொல்லுதல், அது முன்பே நடந்தது, சொன்னது நான், கூடவே கொஞ்சம் ஆதங்கம். இத்தனையும் ஒரே சொல்லுக்குள். "திண்டிவனத்துல இருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்த சைக்கிளைத் திருடினவனைப் பார்த்ததா சொன்ன பையன்" என்று ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்றை, அதற்குள் மற்றொன்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இந்த வாக்கியத்தை நீங்கள் இதற்குமுன் எங்கும் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் திருடியது மாமா இல்லை என்று உங்களுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது, இல்லையா?

மனிதக் குரங்குகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கப் பலர் முயன்றார்கள். அமெரிக்காவில் நிம் என்ற சிம்பன்சிக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்த ஹெர்பர்ட் டெரஸ், நம்பிக்கையோடுதான் தொடங்கினார். வீடியோ பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின் 1979-ல் அவரே எதிர்மாறான முடிவை வெளியிட்டார். நிம்முக்குச் சைகைகள் தெரிந்தன. ஆனால் நீளமாகச் 'சொன்ன'தெல்லாம் அதே கொடு, நான், சாப்பிடு, ஆரஞ்சு ஆகியவற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டதுதான். பல சமயம் பயிற்சியாளர் காட்டிய சைகையையே நகலெடுத்திருந்தது.

கோளாறு தொண்டையிலா, மூளையிலா?

குரங்கு பேசாததற்கு அதன் தொண்டை அமைப்புதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மனிதனின் குரல்வளை தாழ்ந்து இருக்கிறது, குரங்குக்கு மேலே இருக்கிறது, அதனால் உயிரொலிகளைப் பிரித்து ஒலிக்க இடமில்லை என்பது பாடப்புத்தக விளக்கம்.

2016-ல் டெகும்சே ஃபிட்ச் குழு இதைச் சோதித்தது. எமிலியானோ என்ற மக்காக் குரங்கு உண்ணும்போதும், கத்தும்போதும், முகம் சுளிக்கும்போதும் எக்ஸ்ரே வீடியோ எடுத்து, அதன் வாயும் தொண்டையும் எந்தெந்த வடிவங்களுக்கு வருகின்றன என்று கணினியில் மாதிரி செய்தார்கள். முடிவு: அந்தத் தொண்டையால் புரியும்படியான பேச்சொலிகளை உருவாக்க முடியும்! நம் நாட்டுக் குரங்கும் அதே மக்காக் குடும்பம்தான். கருவி இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த மூளைதான் இல்லை.

எங்கே வித்தியாசம்? குரங்கின் குரல் பெரும்பாலும் மூளையின் உணர்ச்சிப் பகுதிகளில் இருந்தும், நடுமூளையில் இருந்தும் கிளம்புகிறது. பயம், பசி, கோபம் வந்தால் குரல் தானாக வரும். நினைத்த நேரத்தில் நினைத்த ஒலியை எழுப்புவது அதற்கு மிகக் கடினம். மனிதனுக்கோ, அசைவுகளைக் கட்டுப்படுத்தும் புறணிப் பகுதியிலிருந்து குரல்வளைத் தசைகளை இயக்கும் மூளைத்தண்டு நரம்பணுக்களுக்கு நேரடி இணைப்பு இருக்கிறது. குரங்குகளில் அப்படியொரு நேர்வழி இல்லை, அல்லது மிகப் பலவீனம்.

பழைய வழி நம்மிடமிருந்தும் போய்விடவில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டும்போது யோசிக்காமல் வருகிற "ஆ!"வும், வாய்விட்டுச் சிரிப்பதும், அழுகையும் அந்தப் பாதையில் இருந்துதான். மூளையில் அடிபட்டுப் பேச முடியாமல் போனவர்கள்கூடச் சில சமயம் கெட்ட வார்த்தையைத் தெளிவாகச் சொல்லி வீட்டாரைத் திகைக்க வைப்பார்கள். "வேணும்னே நடிக்கிறாரோ" என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நடிப்பில்லை. தானாக வரும் சொற்களும், யோசித்துக் கட்டும் வாக்கியங்களும் வேறு வேறு தடங்களில் ஓடுகின்றன.

இடது பக்கம் ஒரு பேச்சுத் தொழிற்சாலை

பாரிஸில் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இருந்தார். சொல்வதைப் புரிந்துகொள்வார். பதிலுக்கு வாயில் வருவது 'டான்' என்ற ஒரே ஒலி மட்டும். 1861-ல் அவர் இறந்தபின் மருத்துவர் பால் புரோகா மூளையைப் பரிசோதித்தார். இடது நெற்றிப்பக்கத்தின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடம் இன்றும் 'புரோகா பகுதி' என்று அழைக்கப்படுகிறது. 1874-ல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையைக் காட்டினார். இடது காதுக்கு மேலே சற்றுப் பின்னால் பாதிப்பு ஏற்பட்டவர்கள் சரளமாகப் பேசினார்கள். ஆனால் பேச்சில் பொருள் இல்லை, அடுத்தவர் பேசுவதும் புரியவில்லை.

தமிழில் யோசித்தால் இப்படி இருக்கும். முதல் வகை: "பஸ்... நேத்து... டாக்டர்... பணம்... இல்ல." உருபுகளும் விகுதிகளும் விடுபடும், அல்லது மாறிப்போகும். ஒவ்வொரு சொல்லும் மலையேறுவது போல. இரண்டாம் வகை: "அத அங்க வச்சிட்டதால அந்த மாடி வந்து பேசிட்டு இருந்துச்சுல்ல, அதான் அப்படியே." ராகம் சரி, இலக்கணமும் ஏறக்குறைய சரி, அர்த்தம் மட்டும் காணோம்.

புரோகா பகுதி பேசும், வெர்னிக்கே பகுதி கேட்கும் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. லெபோர்னின் மூளை பாரிஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. 2007-ல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த நினா டிரோங்கர்ஸ் குழு, பாதிப்பு மேற்பரப்போடு நிற்கவில்லை, உள்ளே செல்லும் நரம்பிழைக் கட்டுகளையும் அழித்திருந்தது என்று கண்டது. 146 ஆண்டுகள் கழித்து ஒரு நோயாளி மறுபரிசோதனைக்கு வந்த கதை இது.

அந்த இழைகள்தான் இப்போது கதாநாயகன். காதருகே உள்ள பகுதியையும் நெற்றிப் பகுதியையும் வில் போல் வளைந்து இணைக்கும் நரம்பிழைக் கட்டு ஒன்று உண்டு. வில் வடிவக் கற்றை எனலாம். 2008-ல் ஜேம்ஸ் ரில்லிங் குழு மனிதன், சிம்பன்சி, மக்காக் குரங்கு மூன்றின் மூளைகளிலும் இதை ஒப்பிட்டது. மனிதனில் இந்தக் கற்றை காதுக்குக் கீழுள்ள பொட்டுப் பகுதி வரை தடித்துப் பரந்து ஓடுகிறது. சிம்பன்சியில் அது மெலிந்தது, மக்காக்கில் அந்த நீட்சி இல்லை. ஊர்கள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. நாலுவழிச்சாலை மனிதனுக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறது. திண்டிவனம் சந்திப்பில் பிரியும் சாலைகள் இல்லாமல் புதுச்சேரி, திருவண்ணாமலை, திருச்சிப் பேருந்துகளை யோசித்துப் பாருங்கள்.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு மொழி இடது பாதியில்தான் குடியிருக்கிறது. இடது கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படியே. 'மொழிக்கு மொழி மூளை மாறுமா?' என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எவ்லினா ஃபெடரென்கோவின் ஆய்வகம் 45 மொழிகள் பேசுபவர்களை ஸ்கேன் செய்து 2022-ல் முடிவை வெளியிட்டது. திராவிட மொழிக் குடும்பமும் அதில் அடக்கம். எல்லா மொழிக்காரர்களுக்கும் ஏறத்தாழ அதே இடதுபக்க வலைப்பின்னல்தான் வேலை செய்தது. கணக்குப் போடும்போதோ இசை கேட்கும்போதோ அந்த வலைப்பின்னல் பெரிதாக அசைவதில்லை என்பதை இதே ஆய்வகத்தின் பிற ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த மொழி உசத்தி என்ற சண்டையில் மூளை கலந்துகொள்ளவில்லை.

கிளி பேசுதே, அது எப்படி?

நியாயமான கேள்வி. குரங்கால் முடியாததைக் கிளி செய்கிறதே! குரலைக் கேட்டு, நகலெடுத்து, பழகிக்கொள்ளும் திறன் விலங்குலகில் அபூர்வம். கிளிகள், பாடும் பறவைகள், தேன்சிட்டு போல மிதந்தபடி தேன் குடிக்கும் அமெரிக்க ஹம்மிங் பறவைகள், திமிங்கிலம், டால்பின், வௌவால், யானை போன்ற சிலவற்றுக்கே உண்டு. கோழிக்குக் கிடையாது. முட்டையிலிருந்து தனியாகப் பொரித்து வளர்த்தாலும் சேவல் சேவலாகவே கூவும். ஆனால் பாடும் பறவைக் குஞ்சைத் தகப்பன் பாட்டைக் கேட்கவிடாமல் வளர்த்தால் அது ஒழுங்காகப் பாடாது. நம் குழந்தைகள் மழலையில் உளறிப் பழகுவது போலவே அவையும் முதலில் உளறித்தான் பழகுகின்றன.

அவற்றின் மூளையில் பாட்டுக்கென்றே தனிச் சுற்றுகள் உள்ளன. கிளிக்கு அந்தச் சுற்றைச் சுற்றி இன்னொரு அடுக்குச் சுற்று இருப்பதாக 2015-ல் கண்டறிந்தார்கள். அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு ஐரீன் பெப்பர்பெர்க் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். நிறம், வடிவம், எண்ணிக்கை கேட்டால் சொல்லும். 2007-ல் அது இறந்தபோது உலகப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. இருந்தும், அலெக்ஸ் கதை சொன்னதில்லை. நகலெடுக்கும் வசதியும் கோர்க்கும் வசதியும் வேறு வேறு. மனிதனிடம் இரண்டும் சேர்ந்துவிட்டன.

(ஒரு சின்ன எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டுப் பச்சைக்கிளி வாங்கப் போகாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். கிளிச்சத்தம் வேண்டுமென்றால் சாயங்காலம் ஏதாவது பெரிய ஆலமரத்தடிக்குப் போனால் போதும். பறவைக்கூட்டமே வேண்டுமென்றால் 2021-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மரக்காணம், வானூர் பக்கத்துக் கழுவேலி இருக்கிறது.)

பெரிய மூளை இருந்தால் போதுமா?

போதாது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஆப்பிரிக்க யானைக்கு 25,700 கோடி! ஆனால் அதில் ஏறத்தாழ எல்லாமே உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையில் இருக்கின்றன. சிந்தனைக்கான பெருமூளைப் புறணியில் யானைக்குச் சுமார் 560 கோடி, நமக்குச் சுமார் 1,600 கோடி. எண்ணிக்கையை விட எங்கே இருக்கிறது, எதோடு இணைந்திருக்கிறது என்பது முக்கியம்.

அதற்காக யானையைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2024-ல் வெளியான ஆய்வு, ஆப்பிரிக்க யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற தனித்தனி ஒலியால் அழைப்பதாகச் சொல்கிறது. தன்னை நோக்கி எழுப்பிய ஒலியைப் போட்டால் வேகமாக வந்தன, மற்றதற்கு அவ்வளவு அக்கறை காட்டவில்லை. அதே ஆண்டில் மார்மோசெட் என்ற சிறு குரங்கிலும் இப்படிப் பெயரழைப்பு இருப்பதாக இன்னொரு ஆய்வு வந்தது. மனிதனுக்கு மட்டுமே உரியது என்று நினைத்த பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

மரபணு பக்கமும் ஒரு கதை உண்டு. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாயசைவையும் இலக்கணத்தையும் கையாள்வதில் கடும் சிரமம். 2001-ல் காரணம் தெரிந்தது: ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம். உடனே 'மொழி மரபணு கிடைத்துவிட்டது' என்று தலைப்புகள் வந்தன. அது மிகை. அந்த மரபணு எலிக்கும் உண்டு, பாடும் பறவைக்கும் உண்டு. மனிதனின் புரதம் சிம்பன்சியுடையதிலிருந்து இரண்டே இடங்களில் மாறுபடுகிறது. அந்த மாற்றம் நியாண்டர்தால் மனிதர்களிடமும் இருந்தது. மொழிக்கு ஒரே சாவி என்று எதுவும் கிடையாது.

ஓடையில் கிடைத்த குழந்தை பேசியிருக்குமா?

இந்த இடத்தில் விழுப்புரம் மாவட்டத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. வானூர் பக்கம், புதுச்சேரியை ஒட்டிய பொம்மையார்பாளையத்தில் ஓடை என்ற இடம். 2001-ல் கேரளப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் பி.ராஜேந்திரன், அங்கே இரும்புச்சத்து இறுகிய செம்பாறைக்குள் ஒரு கைக்குழந்தையின் மண்டையோட்டுப் புதைபடிவத்தைக் கண்டதாக அறிவித்தார். அவரது குழு கணித்த வயது சுமார் 1 லட்சத்து 66 ஆயிரம் ஆண்டுகள். அந்த வயதையும் அடையாளத்தையும் உலக ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, விவாதம் இருக்கிறது. என்றாலும், இந்திய மண்ணில் ஆதிமனிதப் புதைபடிவம் கிடைப்பதே மிக அரிது என்பதால் ஓடைக் குழந்தை தொடர்ந்து பேசப்படுகிறது.

அந்தக் குழந்தையின் தாய் அதைப் பெயர் சொல்லி அழைத்திருப்பாளா? தாலாட்டியிருப்பாளா? மண்டையோடு இதற்குப் பதில் சொல்லாது. மூளை கல்லாவதில்லை, சில நாட்களில் அழிந்துவிடும். மண்டையோட்டின் உட்சுவரில் பதியும் மேடுபள்ளங்களில் இருந்து அளவையும் தோராயமான வடிவத்தையும்தான் ஊகிக்கலாம். வில் வடிவக் கற்றை போன்ற உள்பாதைகள் எந்தப் புதைபடிவத்திலும் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் சுற்றி வளைத்துத்தான் தேடுகிறார்கள்: கருவிகள், நிறமிகள், குறியீடுகள். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவி நிறத்தில் உருவங்களும் குறியீடுகளும் வரைந்தவர்கள் நிச்சயம் பேசத் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஓடைக் காலத்துக்கு மிக மிகப் பிந்தியவர்கள்.

இறந்த மூளை சொல்லாததை வளரும் மூளை சொல்லுமா என்று பார்க்கும் வேலையும் தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை மிக நுண்ணிய முப்பரிமாணப் படங்களாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. 'தரணி' என்று பெயர். 5,132 மூளைச் சீவல்கள் இதற்காகப் படமாக்கப்பட்டன. மொழிக்கான பகுதிகள் உட்பட மூளையின் எந்தப் பகுதி கருவில் எப்போது உருவாகிறது என்று தேடும் உலக ஆய்வாளர்களுக்கு இது ஒரு வரைபடம்.

வயிற்றுக்குள்ளேயே தொடங்கும் பாடம்

ஆறு, ஏழு மாதக் கருவுக்குக் காது கேட்கும். பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலையும், தாய் பேசும் மொழியின் ஓசை நடையையும் குழந்தை அடையாளம் காண்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன் குழந்தைகளின் அழுகையே அந்தந்த மொழியின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி மாறுகிறது என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் முன்சொன்ன நாலுவழிச்சாலை பிறக்கும்போது முடிந்திருப்பதில்லை. நெற்றிப் பகுதியின் புரோகா இடத்தை எட்டும் பாதை பிறகுதான் முதிர்கிறது. அது முதிரத் தேவையான தீனி, குழந்தையின் காதில் விழும் பேச்சு. டிவியின் பேச்சு அல்ல, முகம் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்து பேசும் பேச்சு.

இங்கேதான் வீட்டில் சொல்லப்படும் சில வசனங்கள் ஆபத்தாகின்றன. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு". சில குழந்தைகள் தாமதித்து, பிறகு சரளமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் காது கேட்காத குழந்தையும் வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். மூளையின் மொழிச் சுற்றுகள் அனுபவத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் காலம் முதல் சில ஆண்டுகள்தான். கேட்காமல் கழிந்த அந்த ஆண்டுகளைப் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒரு வயது தாண்டியும் மழலையோ சைகையோ இல்லையா? இரண்டு வயதில் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்க்கவில்லையா? முதலில் செய்ய வேண்டியது கேள்திறன் பரிசோதனை. பிறந்த குழந்தைக்கே சில நிமிடங்களில், வலியில்லாமல் செய்யலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறியும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. கடும் செவித்திறன் குறைபாடு இருந்தால், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் செய்ய வழி இருக்கிறது. எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது.

கருவி பொருத்தாத குடும்பங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. சைகை மொழியும் முழுமையான மொழிதான், அதற்கும் இலக்கணம் உண்டு. சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களுக்கு இடது மூளையில் பக்கவாதம் வந்தால், கை நன்றாக அசைந்தாலும் சைகை இலக்கணம் குலைந்துவிடுகிறது. அதாவது மூளைக்கு வேண்டியது மொழி. அது வாய் வழியா, கை வழியா என்பது அதற்கு இரண்டாம் பட்சம்.

பேச்சு திடீரென்று குழறினால்...

பெரியவர்களுக்கு வருவோம். காலையில் எழுந்தவர் பேச வாயெடுத்தால் சொல் வரவில்லை, அல்லது சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வாய் ஒரு பக்கம் கோணுகிறது, வலது கை தூக்க முடியவில்லை. இடது மூளையின் மொழிப் பகுதியும், வலது கையை இயக்கும் பகுதியும் பக்கத்துப் பக்கத்தில், பெரும்பாலும் ஒரே ரத்தக்குழாயின் பாசனத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே விழும்.

"ராத்திரி சரியா தூங்கல போல", "பித்தம்", "காத்து கருப்பு" என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். அதனால் பக்கத்துக் கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு நேரம் கடத்தாமல், 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போவதே சரி. விழுப்புரம் சுற்றுவட்டாரத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடைசியாக அவர் நன்றாகப் பேசியது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

பேச்சு போனவரிடம் வீட்டார் செய்யும் பொதுவான தவறு, காதருகே போய்க் கத்துவது. அவருக்குக் காதில் கோளாறு இல்லை. புத்தியும் மழுங்கிவிடவில்லை. குட்டி வாக்கியமாக, மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் கேட்க வேண்டும். "என்ன வேணும்?" என்பதை விட "தண்ணி வேணுமா?" என்று கேட்டுத் தலையசைக்கவிடுவது அவருக்குச் சுலபம். பேச்சுப் பயிற்சியை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். பேச முடியாத சிலரால் பழைய பாட்டைச் சொற்களோடு பாட முடிகிறது. மெட்டின் வழியே சொல்லைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி முறையும் உண்டு. அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். முதல் வரியை நீங்கள் எடுத்துக்கொடுத்துப் பாருங்கள்.